திரைக்குள் அடங்காத தெரு

உப்போடைப் பேரூராட்சியில் ஒன்பது தெருக்கள் இருந்தன. மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை பதினொன்றரை மணிக்கு, அவை எட்டாயின. இடி விழவில்லை, பூமி பிளக்கவில்லை, ஒரு கோழிகூடச் சிறகடிக்கவில்லை. பேரூராட்சி அலுவலகத்தில் புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டரில் ஊர் வரைபடத்தைத் திறந்தார்கள். வரைபடத்தின் வலது ஓரம் திரைக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்ட ஓரத்தில் இருந்த கண்மாய்க்கரைத் தெரு, அதன் நாற்பத்தேழு வீடுகள், இருநூற்றுச் சொச்சம் ஆட்கள், ஆடு மாடு, பிள்ளையார் கோயில், மாவு மில் எல்லாம் அந்த நிமிஷத்திலிருந்து ஊரில் இல்லை. ஏன் இப்படி ஆனது என்று உப்போடையில் ஒருவரும் கேட்கவில்லை, அதனால் இந்தக் கதையும் அதைச் சொல்லப்போவதில்லை. ஆன பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த நிமிஷம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் சங்கரவடிவு. வயது முப்பத்தொன்பது. பேரூராட்சியில் பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. வீட்டு வரி ரசீதிலிருந்து இறப்புச் சான்றிதழ் வரைக்கும் அவள் விரல் படாமல் அந்த ஊரில் ஒரு காகிதம் வெளியே போனதில்லை. பழைய கம்ப்யூட்டர் கார்த்திகை மழையில் மின்னல் இறங்கிச் செத்துப்போனது. புதியதற்கு லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதில் ஒரு குற்றமும் இல்லை. எங்கெங்கோ இருக்கும் நாலு பேர் ராப்பகலாக எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே திறந்து வைத்த சாமான் அது. குற்றமெல்லாம் அதைப் போட வந்த ஒப்பந்தக்கார ஆசாமியின் அவசரத்தில் இருந்தது. போட்டு எழுப்பியதும் திரை கறுப்பாக நின்றது. ஆசாமி தலையைச் சொறிந்தார், போனைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது படிக்கும் வரியில் ‘நோமோட்செட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். படம் காட்டும் டிரைவர் என்கிற நிரலை எழுப்பாதே, கிடைத்ததை வைத்து ஒப்பேற்று என்பது அந்தச் சொல்லுக்கு அர்த்தம். போடுகிற அன்றைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சரியான டிரைவரைக் கொண்டுவந்ததும் அழித்துவிட வேண்டிய சொல். ஆசாமிக்குப் பதினொன்று நாற்பதுக்குப் பஸ்.

திரை வந்துவிட்டது. எழுத்தெல்லாம் உப்பிப்போய், அகலத்தில் ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறு புள்ளி காட்ட வேண்டிய திரை ஆயிரத்து இருபத்து நாலோடு நின்றுகொண்டது.

“அண்ணே, வலது பக்கம் வெட்டுதே” என்றாள் சங்கரவடிவு.

“நகத்திப் பாத்துக்கோங்க மேடம்.”

“நகர மாட்டேங்குதே.”

“அப்டேட் வரும்போது தானா சரியாயிரும்” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார் ஆசாமி.

செயல் அலுவலர் தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார். திரையில் வெளிச்சம் இருந்தது, சுட்டி ஓடியது, அவருக்கு அது போதும். “கம்ப்யூட்டர் நல்ல நிலையில் இயங்குகிறது, திரை சரியாக உள்ளது, அப்படின்னு ஒண்ணு டைப் பண்ணி எடும்மா, கையெழுத்துப் போடுதேன்” என்றார். அவளே டைப் செய்தாள், அவளே அச்செடுத்தாள், அவர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அந்தக் காகிதம்தான் கம்ப்யூட்டரிலிருந்து முதலில் வந்தது.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு வீட்டுக்குப் போனவள் நடு வீட்டில் நின்றுவிட்டாள். வெட்டின கோடு சரியாக அவள் வீட்டின் நடுவே போயிருந்தது. முன்னறையும் அடுப்படியில் பாதியும் இந்தப் பக்கம். பாத்திரம் கழுவும் தொட்டியும் புழக்கடையும், மிக்ஸி கிரைண்டர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொடுக்கும் அவள் வீட்டுக்காரன் அய்யலுசாமி உட்கார்ந்து வேலை பார்க்கிற பின்னறையும் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் என்றால் அங்கே ஒன்றும் இல்லை. தரையிலிருந்து வானம் வரைக்கும் ஒரே சாம்பல் நிறம். கையை வைத்தால் குளிராது, சுடாது, ஆனால் அதற்கு மேல் கை போகாது. கொடியில் காயப்போட்டிருந்த வேட்டியில் பாதி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவள் வீட்டுக்காரன் இருமினான். “வடிவு, ஊரைக் காணோமே! வடிவு, நீ எங்க இருக்க?” என்று கூப்பிட்டான். “இங்கதான் இருக்கேன், அடுப்படியில நிக்கேன்” என்று இவள் தொண்டை கிழியக் கத்தினாள். அவன் மறுபடியும் நீ எங்க இருக்க என்றான். அவள் சொன்னது ஒன்றும் அங்கே போய்ச் சேரவில்லை. தெருக்காரர்கள் பேசுவது ஊருக்குத் தெளிவாகக் கேட்டது. ஊர் பேசுவது தெருவுக்குக் கேட்கவேயில்லை. இதிலும் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. படத்துக்கு ஒரு டிரைவர், சத்தத்துக்கு வேறொரு டிரைவர், சத்தத்துக்கு உள்ளது ஒழுங்காக வேலை செய்தது. மாவட்ட அலுவலகத்து வீடியோக் கூட்டத்தைக் கேட்பதற்கு என்று இரண்டு ஸ்பீக்கர் வாங்கியிருந்தார்கள். மைக் வாங்கவில்லை. பேரூராட்சி பேசி எவன் கேட்கப்போகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் வாரம் ஊரே திரண்டு வந்து பார்த்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள், ஆண்கள் கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள், கடப்பாரை வளைந்ததே ஒழியச் சாம்பலில் கீறல் விழவில்லை. உள்ளேயிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “நாலாந்தெருச் சம்மந்தி, நாங்க இருக்கோம்! தலைவரே, நாங்க இருக்கோம்! யாருக்காவது கேக்குதா?” கண்மாய்க்குப் பின்னால் கருவேலங்காட்டு வழியாக வெளியேறப் பார்த்தவர்கள், எவ்வளவு தூரம் நடந்தாலும் தெருவின் மறுமுனைக்கே வந்து சேர்ந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அதையும் ஊர் நின்று கேட்டது. கேட்டுவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் உலை வைத்திருக்கிறது என்று வீட்டுக்குப் போனது.

இரண்டாவது வாரத்தில் பள்ளிக்கூடத்தில், பிள்ளையார் கோயில் விசேஷம் என்று அன்றைக்கு மட்டம் போட்டுத் தெருவோடு போன பத்தொன்பது பிள்ளைகளுக்குத் தினமும் ‘வரவில்லை’ என்று எழுதினார்கள். தபால்காரர் கண்மாய்க்கரைத் தெருக் கடிதங்களில் ‘அப்படி ஒரு முகவரி இல்லை’ என்று எழுதித் திருப்பினார். அந்தத் தெருவில் முப்பது வருஷமாகச் சைக்கிள் ஓட்டின மனுஷன். டீக்கடை ஒன்று சாம்பலை ஒட்டிக் கீற்றுப் போட்டது, ஒரு பக்கச் சுவர் மிச்சம் என்று. சாம்பல் வழவழப்பாக இருந்ததால் ஃப்ளெக்ஸ் ஒட்ட வாகாக இருந்தது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒட்டினார்கள். ஒட்டுகிறவன் பசை தடவும்போதே பின்னாலிருந்து ஒரு பொம்பளை, “ஐயா, யாராவது இருக்கீங்களா” என்று கேட்பாள். அவன் பசையைத் தடவி முடித்து, மூலையை நன்றாக அழுத்திவிட்டுப் போவான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயம்தான் பொறுக்க முடியாதது. உப்போடையில் குடிதண்ணீர் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் திறப்பார்கள். ஒன்பது தெருவுக்கு ஒன்பது நாள். இப்போது ஒரு தெரு கழிந்ததால் எட்டாம் நாளே வந்துவிட்டது. குழாயடியில் குடம் நிறையும்போது முதலில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அடுத்த முறை, “சீக்கிரமா வந்துட்ட மாதிரி இருக்குல்ல?” என்றாள் ஒருத்தி. அதற்கு அடுத்த முறை, “இப்பல்லாம் சமாளிக்க முடியுதுக்கா” என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான். ஒரு ஊரின் மனசு மாறுவதற்கு மூன்று குடம் தண்ணீர் போதுமானதாக இருந்தது. சாம்பலுக்கு அந்தப் பக்கம் கண்மாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். வெயில் ஏற ஏறக் கண்மாய் இறங்கிக்கொண்டே வந்தது. நேற்று எத்தனாவது படியில் நின்றது, இன்று எத்தனாவது படி என்று தினமும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள்.

அய்யலுசாமி தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடுப்படிப் பக்கம் வந்து உட்கார்ந்து அவளோடு பேசுவான். அவளுக்குக் கேட்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவில்லை என்றுதான் நம்பினான், ஆனாலும் பேசினான். இன்றைக்குக் கெளுத்தி மீன் பிடித்தோம். பிள்ளையார் கோயில் வேம்பு பூத்திருக்கிறது. கரண்ட் இல்லாததால் காயில் சுற்றினாலும் ஓட்டிப் பார்க்க முடியவில்லை, கை மறந்துபோகாமல் இருக்கச் சுற்றிச் சுற்றிப் பிரிக்கிறேன். நீ சாப்பிட்டியா? கோடு இந்தப் பக்கம் அவள் தட்டை வைத்துக்கொண்டு, “சாப்பிட்டேன்” என்பாள். “சாப்பிட்டிருப்ப” என்பான் அவன். அது பதில் இல்லை, அவனாக நினைத்துச் சொல்வது. அவள் சோற்றைப் பிசைந்தபடியே அழுவாள்.

ஆனால் அவள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. என்ன கேடு வந்தது இந்தத் திரைக்கு என்று வேலைக்கிடையே தோண்டித் துருவிப் படித்தாள். லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் மன்றம் ஒன்றில் தன் திரையின் அளவு, படம் காட்டும் கார்டின் பெயர், கறுத்த கதை எல்லாம் எழுதி, கடைசியில், ‘இதனால் எங்கள் ஊரில் ஒரு தெருவைக் காணவில்லை, என் கணவர் அதில் இருக்கிறார்’ என்றும் எழுதினாள். இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டது என்று ஒருவர் பூட்டுப் போட்டார். மறுபடி எழுதினாள். முதலில் பிழைப் பதிவேட்டைப் படித்துவிட்டு வாருங்கள் என்று ஒருவர் புத்தி சொன்னார். படித்துவிட்டு மூன்றாம் தரம் எழுதினாள். அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து கோகுலதாசன் என்கிறவர் பதில் போட்டார்; முன்பின் முகம் தெரியாத அந்த மனுஷருக்குத்தான் தெருவைக் காணவில்லை என்ற வரி கண்ணில் பட்டிருக்கிறது.

‘அக்கா, அந்தச் சொல்லை உடன அழிச்சுப்போடாதையுங்கோ. உங்கட கார்டை இயக்கிற ஃபர்ம்வேர் பொதி அதில இல்லை, அதுதான் முதல் நாள் கறுத்தது. முதல்ல அந்தப் பொதியை இறக்கிப் போடுங்கோ. பிறகு சொல்லை அழிச்சு, தொடக்க வரியைப் புதுப்பிச்சு, திருப்பித் தொடங்குங்கோ. கால் மணித்தியால வேலை. தெருச் சனத்தை நான் விசாரிச்சதாச் சொல்லுங்கோ.’

கால் மணி நேர வேலை! அது இருபத்திரண்டாம் நாள். மறுநாள் காலையில் சங்கரவடிவு அதை அச்செடுத்துக்கொண்டு செயல் அலுவலர் முன்னால் போய் நின்றாள்.

தெய்வசிகாமணி கெட்டவர் இல்லை. யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, யாரிடமும் கை நீட்டி வாங்கியதில்லை, ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. அவர் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். “அழிச்சிட்டு எழுப்பும்போது மறுபடி கறுத்துட்டா?” என்றார்.

“கறுக்காது சார். அதுக்குத்தான் பொதியை முதல்ல போடச் சொல்லுதாரு.”

“கறுத்துட்டா? வலது ஓரம் வெட்டினதுக்கே ஒரு தெருவைக் காணோம். மொத்தமும் கறுத்தா மொத்த ஊருமில்ல போயிரும்? ஓடிக்கிட்டிருக்க மிஷினைத் தொடக்கூடாதும்மா. நான் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், சொல்லுதேன்.”

ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாரியம்மன் கோயில் கொட்டகையில் எட்டுத் தெருவும் உட்கார்ந்தது. ஒன்பதாவது தெருவின் சத்தம் மட்டும் காற்றில் வந்துகொண்டிருந்தது, ஏழாவது படி, ஏழாவது படி என்று. சங்கரவடிவு எழுந்து நின்று, ஒரே ஒரு சொல்லை அழித்தால் போதும் என்றாள். ஒரு தெருவுக்காக எட்டுத் தெருவைப் பணயம் வைக்கச் சொல்கிறாயா என்று கூட்டம் இரைந்தது. “எட்டுத் தெருவுக்காக ஒரு தெருவைக் குடுத்தாச்சே, அதை யாரு கேட்டுக் குடுத்தீங்க?” என்றாள். “உன் புருஷன் அங்க இருக்கான், நீ பேசுவ” என்று ஒரு குரல். “ஆமா, என் புருஷன்தான். உங்க புருஷன் இருந்தா நீங்க கோலாட்டமா ஆடுவீங்க?” என்று கேட்டவளைப் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அப்புறம் அவர்கள் செய்த காரியம் உப்போடைக்காரர்களுக்கு மட்டுமே தோன்றும். பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள் அது. அந்த மஞ்சள் கயிறு கட்டிவிட்டால், அவிழ்க்கும் வரைக்கும் ஊரில் மரம் வெட்டக்கூடாது, சுவர் இடிக்கக்கூடாது, புது வேலை தொடங்கக்கூடாது, வெளியூர் போனவர்கள் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். பேரூராட்சித் தலைவர் எழுந்து, கம்ப்யூட்டருக்கும் ஒரு காப்புக் கட்டிவிட்டால் என்ன என்றார். எல்லாருக்கும் சட்டென்று முகம் தெளிந்தது. பூசாரி வந்து திரைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, திரையையும் பெட்டியையும் பின்னால் தொங்கும் கேபிளையும் சேர்த்து மஞ்சள் கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டார். இனி அதில் ஒன்றையும் மாற்றக் கூடாது. ரசீது அடிக்கலாம், சான்றிதழ் அடிக்கலாம், மாற்ற மட்டும் கூடாது.

எட்டாம் நாள் பொங்கல் முடிந்தது. அம்மனுக்குக் காப்பு அவிழ்த்தார்கள், பூசாரிக்கு அவிழ்த்தார்கள். கம்ப்யூட்டருக்கு அவிழ்க்க நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார்கள். அந்த வாரம் கரிநாள், அடுத்த வாரம் அஷ்டமி, அதற்கு அடுத்து சித்திரை பிறக்கட்டும், பிறந்த பிறகு அக்கினி நட்சத்திரம் கழியட்டும். தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம் வந்துகொண்டிருந்தது. சாம்பலுக்குள்ளிருந்து வரும் சத்தம் தொந்தரவாக இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் பயப்படுகின்றன என்று கோயில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கிழக்கே திருப்பிக் கட்டி, சாயங்காலமானால் பக்திப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். அம்மன் பேரைச் சொல்லித் தாகத்தின் குரலை அமுக்கினார்களே, இவர்களை எந்த அம்மன் மன்னிப்பாள்!

சங்கரவடிவு அத்தனை நாளும் என்ன செய்தாள்? வேலைக்குப் போனாள். அந்த மஞ்சள் கயிற்றுக்கு நடுவே தெரிந்த திரையில் எட்டுத் தெருவுக்கும் ரசீது அடித்தாள். பதினோரு வருஷத் தற்காலிக வேலை; தொட்டால் வேலை போகும். கயிற்றை அறுத்தால் ஊர் ஒதுக்கும். திரை கறுத்தால் மிச்சமிருக்கும் ஊரும் போகும், பாவம் தலையில் விழும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று கோகுலதாசனின் காகிதத்தை மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். அவளையும் சேர்த்துத்தான் உப்போடை என்று சொல்வது.

எழுபதாம் நாள் சாயங்காலம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அய்யலுசாமியின் குரல் கேட்டது. உமி மாதிரி உலர்ந்த குரல். “வடிவு, கண்மாய் முடிஞ்சுபோச்சு. நடுவுல ஊத்துத் தோண்டினோம், இன்னிக்கு அதுலயும் சேறுதான் வருது. மாவு மில்லுக்காரர் மகளுக்கு எந்திரிக்க முடியல. எல்லாரும் ஊர்க்காரங்கள வையுதாங்க. நான்தான் சொல்லுதேன், அவங்களுக்குக் கேக்கலடா, கேட்டா ஓடி வந்திருவாங்கன்னு. எம் பொண்டாட்டி அந்த ஆபீஸ்லதான் வேலை பாக்கா. அவளுக்குக் கேட்டிருந்தா சும்மாவா இருப்பா?”

அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அலுவலகத்துக்குப் போனபோது தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார், வரி கட்ட ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் வந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். கட்டளை எழுதுகிற கறுப்புச் சன்னலைத் திறந்தாள். பாஸ்வேர்டு, அம்மன் பேரும் ஒன்று இரண்டு மூன்றும், ஊருக்கே தெரியும். ஃபர்ம்வேர் பொதியை இறக்கினாள், போட்டாள். தொடக்க வரியைத் திறந்து அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். புதுப்பித்தாள். பிறகு கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, மஞ்சள் கயிற்றை ஏழு சுற்றும் சேர்த்து வெட்டினாள்.

“ஏ வடிவு!” என்று நாற்காலி தள்ளி எழுந்தார் தெய்வசிகாமணி.

“கால் மணி நேரம் சார். எழுபத்தோரு நாள் பொறுத்தீங்க, இதையும் பொறுங்க” என்று சொல்லி, திருப்பித் தொடங்கினாள்.

திரை கறுத்தது. பத்து மணி வெயிலில் உப்போடை இல்லாமல் போயிற்று. எட்டுத் தெரு, கோயில், குழாயடி, டீக்கடை, வரி கட்ட வந்தவர்கள், அவரவர் கை, அவரவர் கால் ஒன்றும் இல்லை. கறுப்பு மட்டும் இருந்தது. ஆளாளுக்கு அலறினார்கள். அத்தனை அலறலுக்கும் மேலாகத் தெய்வசிகாமணியின் குரல் வந்தது. “ஐயோ! யாராவது இருக்கீங்களா? யாருக்காவது கேக்குதா?”

சங்கரவடிவுக்குக் கேட்டது. பக்கத்தில்தான் நின்றாள். இருந்தும் பதில் சொல்லவில்லை, வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. கொஞ்சம் கத்தட்டும் என்று விட்டுவிட்டு, கறுப்பில் கையால் தடவிக்கொண்டே போனாள். பெட்டி சூடாக இருந்தது, உள்ளே விசிறி ஓடியது, அப்படியென்றால் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் சொன்னதில் பிழையில்லை. பின் எங்கே கோளாறு? கை திரைக்குப் பின்னால் போனது. கேபிளின் தலை பாதி கழன்று தொங்கியது. ஏழு சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டார்களே, அந்த இழுப்பில் என்றோ கழன்று, கயிற்றின் பிடியில் மட்டும் இத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. “நாசமாப்போறவங்க” என்று வாய்விட்டுத் திட்டினாள். தலையை அழுத்திச் செருகினாள். இரண்டு பக்கத்துத் திருகையும் விரலால் முறுக்கினாள்.

திரை வந்தது. எழுத்தெல்லாம் மெலிந்து கூர்மையாக, ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறு புள்ளியும் நிறைந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஊர் வந்தது. வரைபடத்தின் வலது ஓரத்தில் ஒன்பதாவது தெரு இருந்தது.

அவள் ஓடினாள். அவளுக்கு முன்னாலேயே பாதி ஊர் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டியிருந்த ஃப்ளெக்ஸ்கள் பிடிமானம் இல்லாமல் தரையில் விழுந்து கிடந்தன. அவற்றை மிதித்துக்கொண்டு கண்மாய்க்கரைத் தெரு ஜனங்கள் காலிக் குடங்களோடு வந்தார்கள். உதடெல்லாம் வெடித்து, கண்ணெல்லாம் உள்ளே போய், பாதிப் பேரைப் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அழுதுகொண்டே ஊற்றினார்கள், அந்த அழுகை பொய்யில்லை, அதுதான் கொடுமை. மாவு மில்லுக்காரர் மகளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மில்லுக்காரர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு கத்தினோம் தெரியுமா?” என்றார் அவர்.

தலைவர் ஒரு நொடி யோசித்தார். “ஒரு சத்தம்கூடக் கேக்கலையே ஐயா” என்றார். “கேட்டிருந்தா விட்டிருப்போமா?”

“ஒண்ணுமே கேக்கல” என்றார் மூச்சு வாங்க வந்து சேர்ந்த தெய்வசிகாமணி. “கேக்கலக்கா” என்றாள் குழாயடியில் சமாளிக்க முடியுது என்று சொன்னவள். கேக்கல, கேக்கல என்று எட்டுத் தெருவும் சொன்னது. அதைக் கேட்டதும் ஒன்பதாவது தெரு ஜனங்களின் முகம் ஆறியது. அதானே பார்த்தோம் என்று தலையாட்டிக்கொண்டார்கள். யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

அய்யலுசாமி கூட்டத்துக்குள் அவளைத் தேடிப் பிடித்துவிட்டான். பாதி ஆளாகியிருந்தான். அவள் கொடுத்த செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தபடியே, “நான்தான் சொன்னேன்ல, அவங்களுக்குக் கேக்கலன்னு” என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னான்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவள்தான் கயிற்றை அறுத்தவள், அவளைத் தெரு தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும், ஊரும் மறந்து மன்னித்து வேலையில் வைத்திருக்கும். சங்கரவடிவு தலைவரைப் பார்த்தாள், தெய்வசிகாமணியைப் பார்த்தாள், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தனை கைகளையும் பார்த்தாள்.

“கேட்டுச்சு” என்றாள். “எட்டுத் தெருவுக்கும் கேட்டுச்சு. நீங்க கூப்பிட்ட ஒவ்வொரு பேரும் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு.”

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களின் குடங்கள் அப்படியே நின்றன. அய்யலுசாமி வாயிலிருந்த செம்பை இறக்கினான்.

“எப்பலருந்து?” என்று கேட்டான்.

“முதல் நாள்லருந்து” என்றாள் அவள்.